விடிந்தால் தெளியுமா?

"இரவு குடித்தால் காலையில் தெளிந்துவிடுகிறது. அப்புறமென்ன கெட்டுப் போயிற்று?" என்று கேட்கிறார் நண்பர். ஷிப்ட் முடிந்ததும் நேரே கடைக்குப் போகிறவர். இருபது ஆண்டுப் பழக்கம். நல்லவர், உழைப்பாளி, ஊர்வலமென்றால் முன்வரிசையில் நிற்பவர். அவரை ஏசுவது நமது நோக்கமல்ல. கேட்டார், பதில் கூறுகிறோம்.

தெளிவது போதைதான், தோழர்களே! உள்ளே போன மது கல்லீரலிலே அசெட்டால்டிஹைடு எனும் நஞ்சாகிறது. மூளைக்குள்ளேயும் ஓரளவு அம்மாற்றம் நடக்கிறது. சீமான் வீட்டுச் சீமைப் புட்டியானாலென்ன, மூலைக்கடை மலிவுச் சரக்கானாலென்ன, பிறப்பது அதே நஞ்சுதான்!

அந்த நஞ்சு எங்கே கை வைக்கிறது தெரியுமா? டி.என்.ஏ.யிலே! ஒவ்வோர் உயிரணுவும் என்ன செய்யவேண்டும் என்ற கட்டளை எழுதப்பட்டுள்ள இரட்டை முறுக்கிழை அது. 1953-ல் வாட்சனும் கிரிக்கும் அதன் அமைப்பை வெளியிட்டனர். இழையோடு இழையைப் பிரிக்கவொட்டாமல் பிணைத்துவிடுகிறது நஞ்சு. சில இடங்களில் இழை அறுந்தே போகிறது. 2018-ல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள், இந்த நஞ்சை முறிக்கும் நொதி இல்லாத எலிகளுக்கு மதுவைக் கொடுத்தனர்; இரத்தத்தை உண்டாக்கும் மூல அணுக்களிலே டி.என்.ஏ. சிதைந்து கிடக்கக் கண்டனர். நெடுநாள் மது கொடுக்கப்பட்ட எலிகளின் மூளையிலும், நினைவைக் காக்கும் பகுதியிலேயே, இழை அறுந்திருந்ததை வேறு ஆய்வாளர்கள் கண்டிருக்கின்றனர்.

பழுது பார்க்க ஆளில்லையா? உண்டு. அறுந்ததை ஒட்டும் நொதிகள் ஓயாமல் உழைக்கின்றன. டி.என்.ஏ. பழுதுபார்க்கப்படும் விதத்தை விளக்கிய மூவருக்கு 2015-ல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் நேற்றறுந்த நூலை முடிச்சுப் போடுமுன் இன்று பத்து நூலை அறுத்தால், எந்தத் தறிக்காரரால் ஈடுகொடுக்க முடியும்? தோலணு செத்தால் புதிது வரும். நரம்பணுவோ பெரும்பாலும் நம்முடன் பிறந்து நம்முடனே போவது. பதிலித் தொழிலாளி இல்லாத ஆலை அது! பழுது மிஞ்சினால் அணு மடிகிறது. நினைவு தடுமாறுகிறது, நடை தள்ளாடுகிறது, சங்கக் கூட்டத்தில் சொன்னதையே மூன்று முறை சொல்ல நேர்கிறது. (குடிக்காமலே அப்படிப் பேசுவோர் நம்மிலே உண்டு; அது வேறு நோய்!)

இதொன்றே காரணமென்று நாம் கூறவில்லை. குடிகாரர் சோற்றை மறப்பதால் வரும் தயமின் குறைவும் மூளையைக் கெடுக்கிறது.

நிறுத்தினால் பயனுண்டா? உண்டு. குடியால் சுருங்கிய மூளை, நிறுத்திய சில மாதங்களில் ஓரளவு பழைய பருமனைப் பெறுவதைப் படமெடுத்தே பார்த்திருக்கிறார்கள். ஆனால் நாள்தோறும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரின் துணையோடுதான் நிறுத்தவேண்டும்.

இதையெல்லாம் கேட்ட நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "தனியாகப் போக வெட்கமாயிருக்கிறது" என்றார். திங்கட்கிழமை பெரியாஸ்பத்திரிக்கு நாமும் கூடப் போகிறோம். அவருடைய ஷிப்டைப் பார்த்துக்கொள்ள இரண்டு தோழர்கள் முன்வந்திருக்கிறார்கள்.