பெயர்ச் சண்டையில் மறைந்துபோன கிருமித் தடம்

புது தில்லி: 2010 ஆகஸ்ட் மாதம் நாடாளுமன்றத்தைக் கொதிப்படையச் செய்தது ஒரு பெயர்: "நியூ டெல்லி மெட்டல்லோ-பீட்டா-லாக்டமேஸ்-1". சுருக்கமாக என்டிஎம்-1. மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு மருத்துவர்கள் நாடும் கார்பபெனம் வகை மருந்துகளையே முறித்துவிடும் நொதி இது. இந்தியாவின் மருத்துவச் சுற்றுலாவைக் குலைக்கப் பன்னாட்டு நிறுவனங்கள் செய்யும் சதியாக இருக்கலாம் என்று மாநிலங்களவையில் குரல் எழுந்தது. நோய்க் கூறுக்கு ஒரு நகரின் பெயரைச் சூட்டியது தவறு என 2011 ஜனவரியில் லான்செட் இதழின் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் ஒப்புக்கொண்டார்.

பெயர் குறித்த சண்டை ஓய்ந்தது. கிருமி எந்த வழியாகப் பரவுகிறது என்ற கேள்வி மட்டும் நின்றுவிட்டது.

சென்னை முதல் தில்லி வரை

சர்ச்சைக்குள்ளான அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் 44, ஹரியாணாவில் 26, பிரிட்டனில் 37 மாதிரிகளில் என்டிஎம்-1 உள்ள கிருமிகள் கண்டறியப்பட்டதாக அதில் கூறப்பட்டிருந்தது. 2011 ஏப்ரலில் வெளியான மற்றோர் ஆய்வு, தில்லியில் தெருக்களில் கசிந்து தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51-லும், 50 குடிநீர் மாதிரிகளில் 2-லும் அந்த மரபணு இருப்பதாகத் தெரிவித்தது.

ஒரே வார்டில் இருவருக்கு ஒரே வகைக் கிருமி தொற்றினால், ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வந்ததா அல்லது தனித்தனியே வந்ததா என்பதைப் பழைய பரிசோதனைகளால் உறுதியாகக் கூற இயலாது. இங்குதான் மரபணு வரிசைப்படுத்தல் உதவுகிறது. கிருமி பெருகும்போது அதன் மரபணுத் தொகுப்பில் அவ்வப்போது ஓரெழுத்து மாறுகிறது. அந்த மாற்றங்கள் சந்ததிக்கும் தொடர்கின்றன. இரு நோயாளிகளின் கிருமிகளுக்கிடையே வேறுபாடு மிகக் குறைவாக இருந்தால் இரண்டுக்கும் மூலம் அண்மையில்தான் பிரிந்தது என்று பொருள். யார் எந்தப் படுக்கையில் எந்த நாளில் இருந்தார் என்ற பதிவேட்டையும் இத்துடன் ஒப்பிட்டால் தொற்றின் பாதை புலப்படும்.

அமெரிக்காவில் நடந்தது

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் மருத்துவமனையில் 2011 ஜூனில் ஒரு பெண் அனுமதிக்கப்பட்டார். மருந்துக்கு அடங்காத க்ளெப்சியெல்லா கிருமி அவரிடம் இருப்பது முன்பே தெரிந்ததால் தனிமைப்படுத்தப்பட்டார். ஜூலையில் அவர் வீடு திரும்பிய 3 வாரங்கள் கழித்து மற்றொரு நோயாளியிடம் அக்கிருமி காணப்பட்டது. அடுத்தடுத்து மொத்தம் 18 பேருக்குப் பரவியது. அவர்களில் 11 பேர் இறந்தனர். 6 பேரின் மரணத்துக்குத் தொற்றே காரணம் எனக் கணிக்கப்பட்டது.

சுமார் 60 லட்சம் எழுத்துகள் கொண்ட மரபணுத் தொகுப்பைப் படித்ததில், அனைத்துக்கும் மூலம் அந்த முதல் நோயாளியே என்பதும், அவரிடமிருந்து குறைந்தது மூன்று முறை கிருமி பரவியது என்பதும் தெரியவந்தன. அறிகுறியே இல்லாமல் கிருமியைச் சுமந்தவர்கள் இடைக் கண்ணிகளாக இருந்திருக்கின்றனர். சுத்தம் செய்யப்பட்ட செயற்கைச் சுவாசக் கருவியிலும், கைகழுவும் தொட்டியின் வடிகாலிலும் கிருமி இருந்தது. இவற்றையெல்லாம் அந்நிறுவனமே 2012-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது.

இந்தியாவின் நிலை

இந்தியாவில் இதற்கான திறன் இல்லை என்று கூறிவிட முடியாது. கரோனா காலத்தில், 2020 டிசம்பரில் 10 ஆய்வகங்களுடன் இன்சாகாக் கூட்டமைப்பை மத்திய அரசு அமைத்தது. பெங்களூரு கெம்பேகவுடா மருத்துவ அறிவியல் நிறுவன ஆய்வாளர்கள், பல மருத்துவமனைகளின் க்ளெப்சியெல்லா கிருமிகளை வரிசைப்படுத்தி 2021-ல் முடிவுகளை வெளியிட்டனர்.

எனினும் ஆய்வுக் கட்டுரைக்கு ஆண்டுகள் பொறுக்கலாம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குச் சில நாள்களில் விடை வேண்டும். கரோனா தீநுண்மியின் மரபணு சுமார் 30 ஆயிரம் எழுத்துகளே கொண்டது. பாக்டீரியாவின் தொகுப்பு அதைப்போல் நூறு மடங்குக்கும் மேல். அத்துடன் என்டிஎம்-1 போன்ற மரபணுக்கள் பிளாஸ்மிட் எனும் சிறு வளையங்களில் ஏறி ஓர் இனக் கிருமியிலிருந்து வேறோர் இனத்துக்குத் தாவுகின்றன. கிருமியின் வம்சாவளியை மட்டும் பார்த்தால் இந்தத் தாவல் தப்பிவிடும். இவை அனைத்துக்கும் முன்பாக, கிருமியை வளர்த்து அடையாளம் காணும் சாதாரண ஆய்வகமே பல சிறிய மருத்துவமனைகளில் போதிய அளவில் இல்லை.

எய்ம்ஸ் உள்ளிட்ட தில்லியின் 3 பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 13,530 பச்சிளம் குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2016-ல் வெளியானது. ரத்தத்தில் கிருமித் தொற்று ஏற்பட்ட குழந்தைகளிடம் அதிகம் காணப்பட்டது, மருத்துவமனைச் சூழலில் நிலைத்து வாழும் அசினிடோபாக்டர் கிருமி. பெரும்பாலான தொற்றுகள் பிறந்த 72 மணி நேரத்துக்குள் ஏற்பட்டவை.

யார் பொறுப்பு?

மருத்துவமனைகளும் பொது சுகாதாரமும் மாநிலப் பட்டியலில் உள்ளன. மருத்துவ நிறுவனங்களுக்கான 2010-ம் ஆண்டு மத்தியச் சட்டம் அதை ஏற்ற மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் மட்டுமே செல்லும். மருந்து எதிர்ப்பைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2017-ல் தேசியச் செயல் திட்டம் வகுத்தது. மாநிலங்களில் முதலாவதாகக் கேரளம் 2018-ல் தனித் திட்டம் கொண்டுவந்தது.

கருவிகளை வாங்குவதைவிடக் கடினமானது, அவை சொல்லும் உண்மையை ஏற்பது. வார்டுக்குள்ளேயே தொற்று பரவியது என்று மரபணு காட்டிவிட்டால் மருத்துவமனையின் பொறுப்பு வெளிப்படும். நோயாளியின் குடும்பம் அதைக் கேட்டுப் பெற முடியுமா? ஒளிக்காமல் அறிவிக்கும் மருத்துவமனைக்குச் சட்டம் பாதுகாப்பு தருமா, தண்டனை தருமா? தலைநகரின் பெயருக்காக அன்று கொதித்த அவைகள் விவாதிக்க வேண்டியவை இவையே. கைகழுவினால் தடுக்கக்கூடிய தொற்றை அரசுகள் கைகழுவி விடலாகாது.