பல்லும் சொல்லும்: பல் மருத்துவத் தொடக்கச் சொற்கள் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

பல் போனால் சொல் போயிற்று என்பது நம் நாட்டுப் பழமொழி. இதன் உண்மையை இலக்கண நூலாரும் உடன்படுவர். தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்தொலி பிறத்தற்குரிய எட்டு இடங்களுள் பல்லையும் ஒன்றாக எண்ணினார். தகர நகரங்கள் பிறத்தற்குப் பல்லின் அடியில் நாவின் நுனி பரந்து பொருந்துதல் வேண்டும். வகரம் பிறத்தற்குப் பல்லும் உதடும் கூடுதல் வேண்டும். முன்பல் இழந்த முதியோர் இவ்வொலிகளில் இடர்ப்படுதலை நாம் நாள்தோறும் கேட்கின்றோம்.

இப்பழமொழியைத் திருப்பிப் பார்த்தலும் தகும். சொல் போனால் பல்லும் போகும் என்பதே இக்கட்டுரையில் யாம் நிறுவ முற்படுவது. இஃது எம் சொந்தப் பிழையினின்று யாம் கற்ற பாடம். எம் மகளுக்கு ஏழாம் அகவை நடந்தபோது கீழ்க் கடைவாயில் ஒரு பல் கறுத்தது. பால்பல்தானே, விழுந்து முளைக்கும் என்று ஓராண்டு வாளாவிருந்தோம். பின்னர் இராசபாளையத்து மருத்துவர் ஒருவரிடம் காட்டியபோது அவர், “ஐயா, இது பால்பல் இல்லை; இது விழுந்தால் வேறு பல் வராது” என்றார். இலக்கியத்தில் பல்லைக் குறிக்கும் எயிறு, முறுவல், நகை முதலிய சொற்களையெல்லாம் மாணாக்கர்க்குக் கற்பிக்கும் எமக்கு, எம் மகள் வாயிலிருந்த அப்பல்லுக்கு ஒரு பெயர் தெரிந்திருக்கவில்லை. ஆதலின், தொடக்க நிலையினர் அறியவேண்டிய பல் மருத்துவச் சொற்களை இராசபாளையம், சீவில்லிபுத்தூர்ப் பகுதியின் வழக்கோடும் நூல் வழக்கோடும் இயைத்து ஈண்டு ஆராய்கின்றோம்.

1. பல்முளையும் வாய்த்திண்ணையும்

சீவில்லிபுத்தூரிற் பிறந்த பெரியாழ்வார், கண்ணனைக் குழந்தையாகக் கண்டு பாடிய தளர்நடைப் பதிகத்தில், சிவந்த வாயில் தோன்றும் முதற் பல்லைச் செவ்வானத்துப் பிறைக்கு ஒப்பிடுகின்றார். ஆங்கு அவர் ஆளும் சொற்கள் இரண்டு நம் ஆய்வுக்குப் பெரிதும் பயன்படுவன. ஒன்று ‘பல்முளை’, மற்றொன்று ‘வாய்த்திண்ணை’. பல் முளைக்கும் முன் ஈறு ஒரு மேடுபோல் நீண்டு கிடத்தலை வீட்டுத் திண்ணையோடு ஒப்பிட்ட இப்பெயர், பல்லைத் தாங்கும் மேட்டுக்குத் தக்க கலைச்சொல்லாக இன்றும் நிற்கவல்லது. பல் முழுதும் இழந்தவர்க்குப் பொய்ப்பல் பொருத்துவோரும் அம்மேட்டின் உயரத்தையே முதலில் நோக்குவர்.

பால்பற்கள் இருபது. பொதுவாக ஆறாம் திங்களையொட்டி முளைக்கத் தொடங்கி மூன்றாம் அகவைக்குள் நிறைவுறும். அவற்றுள் வெட்டுப்பல் எட்டு, கோரைப்பல் நான்கு, கடைவாய்ப்பல் எட்டு. நிலைப்பற்கள் முப்பத்திரண்டு. அவற்றுள் வெட்டுப்பல் எட்டு, கோரைப்பல் நான்கு, முன்கடைவாய்ப்பல் எட்டு, பின்கடைவாய்ப்பல் பன்னிரண்டு. பால்பல்லின் வேர் கரைந்து அப்பல் விழ, அதனிடத்தில் நிலைப்பல் எழும்.

ஆயினும் எல்லா நிலைப்பல்லும் இவ்வாறு எழுவன அல்ல. முதற் பின்கடைவாய்ப்பல் ஏறத்தாழ ஆறாம் அகவையில், எந்தப் பால்பல்லும் விழாமலே, பால்பல் வரிசையின் பின்னே ஓசையின்றி முளைக்கின்றது. மேலிரண்டும் கீழிரண்டுமாக நான்கு பற்கள் இவ்வாறு வரும். விழுந்த பல் எதுவும் இன்மையால் பெற்றோர் இவற்றைப் பால்பல் என்றே கருதிவிடுவர். எம் பிழையும் இதுவே. இப்பற்களுக்கு ‘ஆறாம் அகவைப் பல்’ என்று பெயரிட்டு வழங்கின், பெயரே எச்சரிக்கையாக அமையும். இறுதியில் பதினேழு முதல் இருபத்தைந்து அகவைக்குள் முளைக்கும் பல்லை ஞானப்பல் என்கின்றோம். இஃது இலத்தீன் வழக்கினின்று பெயர்க்கப்பட்டதாயினும் மக்கள் நாவில் நிலைபெற்றுவிட்டது, அதனை மாற்றவேண்டுவதில்லை.

2. வடிவும் தொழிலும் பற்றிய பெயர்கள்

வெட்டுப்பல் என்பது தொழிலாற் பெற்ற பெயர். கடைவாய்ப்பல் இடத்தாற் பெற்றது. கோரைப்பல்லை வேட்டைப்பல் என்றும் நாய்ப்பல் என்றும் வழங்குவர். வேட்டை நாய்க்குப் பேர்பெற்ற இராசபாளையத்தார்க்கு இப்பெயரின் பொருத்தத்தை விளக்கவேண்டுவதில்லை. வரிசையினின்று விலகி ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பல் தெற்றுப்பல். பேச்சு வழக்கில் ‘தெத்துப்பல்’. முன் நீண்ட பல் எத்துப்பல். மேலெழுந்து நிற்கும் கோரைப்பல் சிங்கப்பல். பல்வரிசைக் குறைகளை இவ்வளவு நுட்பமாகப் பிரித்துப் பெயரிட்ட மக்கள், அவற்றைத் திருத்தும் மருத்துவத்துக்குச் சொல்லின்றி நிற்றல் வியப்பே.

இராசபாளையத்தில் தெலுங்கை இல்லமொழியாகக் கொண்ட குடும்பங்கள் பல உள. அவர்தம் மொழியில் ஒரு பல் ‘பன்னு’. பல பற்கள் ‘பள்ளு’. கன்னடத்தார் ‘ஹல்லு’ என்பர். மலையாளத்தார் ‘பல்லு’ என்பர். இவையெல்லாம் ஒரு வேரினின்று கிளைத்தவை என்பது வெளிப்படை. எனவே பல் என்பதை முதலாகக் கொண்டு ஆக்கப்படும் சொற்கள் இவ்வூரில் இருமொழியாளர்க்கும் எளிதில் விளங்கும்.

3. பல்லின் உறுப்புகள்

ஈற்றுக்கு வெளியே தோன்றும் பகுதி பல்முடி. தாடை எலும்பினுள் புதைந்தது வேர். இரண்டும் கூடுமிடம் கழுத்து. வெட்டுப்பல்லுக்கு வேர் ஒன்று. கீழ்ப் பின்கடைவாய்ப்பல்லுக்குப் பொதுவாக இரண்டு. மேற் பின்கடைவாய்ப்பல்லுக்குப் பொதுவாக மூன்று.

முடியை மூடிய வெண்மையான மேலுறை எனாமல். இதனைப் பற்சிப்பி என்பர். நம் உடம்பில் இதனினும் கடியது பிறிதில்லை. எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு தாதுப்பொருளே. கடிமை மிக்கதாயினும், ஒருமுறை சிதைந்தால் மீண்டும் வளரும் ஆற்றல் இதற்கில்லை. இதன் உள்ளே பல்லின் பெரும்பகுதியாக அமைந்த பொருளைத் தந்தினி என்பாரும், பன்முதல் என்பாரும் உளர். அதன் நடுவே குருதிக் குழாயும் நரம்பும் பொதிந்த மென்பகுதி பற்கூழ். வேரைச் சூழ்ந்த மெல்லிய படலம் ஒன்றும் உண்டு.

இங்கு இரு சொற்களைப் பற்றி எம் கருத்தைக் கூறுதல் கடன். தொல்காப்பியர் பல்முதல் என்றது நா நுனி பொருந்தும் பல்லின் அடியையே. அதே சொல்லை உட்பொருளுக்கு ஆளின், இலக்கண மாணவனும் மருத்துவ மாணவனும் ஒரு சொல்லால் இருபொருள் உணர்வர். ஆதலின் உட்பொருளைத் தந்தினி என வழங்குதலே தக்கது. அவ்வாறே காரை என்னும் சொல், பல்லில் படிந்து இறுகும் அழுக்குக்கு மக்கள் வழக்கில் உரியது. சிலர் அதனை வேரைச் சூழ்ந்த படலத்துக்கும் ஆளுகின்றனர். காரையை நீக்கவேண்டும் என்று மருத்துவர் சொல்லும்போது பல்லின் ஓர் உறுப்பையே நீக்குவதாக மாணவன் மயங்க இடமுண்டு. படலத்தை ‘வேர்ப்பூச்சு’ எனலாம்.

பல்லின் பக்கங்களைக் குறிக்கத் தமிழே போதும். முகத்தின் நடுக்கோட்டை நோக்கியது நடுப்புறம்; கடைவாயை நோக்கியது கடைப்புறம்; வெளிப்பக்கம் இதழ்ப்புறம் அல்லது கன்னப்புறம்; உட்பக்கம் கீழ்ப்பல்லுக்கு நாப்புறம், மேற்பல்லுக்கு அண்ணப்புறம்; மேற்பரப்பு மெல்லுபுறம். மருத்துவர் பற்களை ஈரெண்களாற் குறிப்பர். வாயை நான்காகப் பகுத்து, நோயாளியின் வலமேல் 1, இடமேல் 2, இடக்கீழ் 3, வலக்கீழ் 4 என்பர். பின்னர் நடுவினின்று பல்லை எண்ணுவர். அம்முறையில் ஆறாம் அகவைப் பற்கள் 16, 26, 36, 46 ஆகும். பால்பற்களுக்குப் பகுதி எண் 5 முதல் 8 வரை. மருத்துவச் சீட்டில் 46 என்று கண்ட தாய், அது விழாப்பல் என்று உணர்தல் எவ்வளவு நன்மை!

4. நோயும் நோவும்

சொத்தைப்பல்லைப் ‘பூச்சிப்பல்’ என்றும் நம்மவர் கூறுவர். பல்லைப் புழு அரிக்கின்றது என்னும் எண்ணம் பாபிலோனியர் காலத்தினின்றே உலகெங்கும் பரவியது. 1728ஆம் ஆண்டில் பியேர் ஃபோஷார் என்னும் பிரெஞ்சு மருத்துவர் தம் நூலில் அதனை மறுத்தார். வாயில் வாழும் நுண்ணுயிர்கள் உணவிலுள்ள சர்க்கரையைப் புளிப்பாக்க, அப்புளிப்பு எனாமலைக் கரைக்கின்றது என்பதை 1890ஆம் ஆண்டில் மில்லர் விளக்கினார். ஆயினும் பூச்சி என்னும் சொல் நிற்கும்வரை, பூச்சி எடுத்துக் காட்டுவதாகக் கூறி ஏய்ப்பவர் பிழைப்பும் நிற்கும். ‘சொத்தை’ என்னும் சொல் நடுநிலையானது. அதனையே ஆளுதல் வேண்டும்.

சீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பெருமையுடையது. அதனை விலக்குக என்பது எம் கருத்தன்று. இனிப்பின் அளவைவிட, உண்ணும் தடவைகளே பல்லுக்கு மிக்க கேடு செய்வன. ஒவ்வொரு முறையும் புளிப்பு எழுந்து அடங்க அரைமணி நேரமளவு செல்லும். உணவோடு ஒருமுறை உண்பதற்கும் நாள்முழுதும் சிறுகச் சிறுகத் தின்பதற்கும் வேறுபாடு இதுவே.

நோவைக் குறிக்கும் நாட்டுச் சொற்களின் நுட்பம் போற்றத்தக்கது. குளிர்நீர் பட்டாற் ‘கூசுகிறது’ எனின், சிதைவு தந்தினியை எட்டியிருத்தல் கூடும். இரவில் ‘விண்விண்ணென்று தெறிக்கிறது’ எனின், பற்கூழ் அழன்றிருத்தல் கூடும். ‘பல் ஓங்கி நிற்பதுபோல் இருக்கிறது, கடிக்க முடியவில்லை’ எனின், வேர்நுனியில் சீழ் கட்டியிருத்தல் கூடும். ‘ஆடுகிறது’ எனின், ஈறும் எலும்பும் தளர்ந்திருத்தல் கூடும். இவை அனைத்தையும் ‘வலி’ என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிட்டால் நோயாளி சொன்ன செய்தியில் முக்காற்பங்கு கெடும்.

5. மருத்துவப் பிரிவுகளும் கருவிகளும்

இந்தியாவில் பல் மருத்துவக் கல்லூரி முதன்முதல் கல்கத்தாவில் 1920ஆம் ஆண்டில் மருத்துவர் ரஃபியுதீன் அகமதுவால் தோன்றியது; சென்னையில் இக்கல்வி 1953ஆம் ஆண்டில் தொடங்கிற்று. இன்று மேற்பட்டப் பிரிவுகள் ஒன்பது: பல்காப்பும் வேர்க்குழல் மருத்துவமும், ஈறு மருத்துவம், பல்வரிசைச் சீரமைப்பு, செயற்கைப்பல் அமைப்பு, வாய், தாடை, முக அறுவை, குழந்தைப் பல் மருத்துவம், வாய் நோயியல், வாய்நோய் அறிதலும் கதிர்ப்படமும், மக்கள் பல்நலம். ஈறு வீங்கியவர் எவரிடம் செல்வது, தெற்றுப்பல்லுடையார் எவரிடம் செல்வது என்பது இப்பெயர்களைப் படித்த அளவில் விளங்கும்.

கருவிகளுக்குப் பெயர்தேடி அலையவேண்டுவதில்லை. தச்சரும் பொற்கொல்லரும் வைத்திருக்கின்றனர். நுண்பொருளைப் பற்றுவது சாமணம், பல்லைப் பிடுங்குவது குறடு, வேரை எழுப்புவது நெம்புகோல், சொத்தையை அகழ்வது கரண்டி, காரையைச் சுரண்டுவது சுரண்டி, குடைவது துளைகருவி. வாய்க்கண்ணாடியும், சொத்தையைத் தடவி அறியும் கூர்முனைத் தேடுகோலும், ஈற்றுப் பையின் ஆழத்தை மில்லிமீட்டரில் அளக்கும் அளவுகோலும் எஞ்சியவை. பல் பிடுங்கிய குழியில் வைத்துக் கடிக்கத் தரும் மருத்துவத் துணியையோ இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டித் தறிகள் நெடுங்காலமாக நெய்து வருகின்றன. துணியை நெய்யும் ஊருக்குச் சொல்லை நெய்தல் அரிதன்று.

முடிவுரை

தமிழில் மருத்துவம் கற்பித்தல் இயலுமா என்னும் வினா புதியதன்று. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூலையும் தமிழிற் பெயர்த்து 1872ஆம் ஆண்டில் வெளியிட்டார். வேற்று நாட்டார் ஒருவர் அன்று செய்ததை இன்று நாம் தொடர்தல் அரிய செயலன்று.

புதுச்சொல் படைப்பதினும் உள்ள சொல்லைத் திரட்டுதல் முதற்பணி. ஆழ்வார் பாடலில் ஒரு சொல். கொல்லர் பட்டறையில் ஒரு சொல். பல்வலியால் துன்புறும் பாட்டியின் வாயில் ஒரு சொல். இவற்றைத் தமிழ்த்துறையாரும் பல் மருத்துவரும் ஒருங்கமர்ந்து தொகுத்து, தொடக்கப்பள்ளி நூல்களிலும் மருத்துவமனைச் சுவர்களிலும் இடம்பெறச் செய்தல் வேண்டும். அத்தொகுதியில் முதற்சொல்லாக ‘ஆறாம் அகவைப் பல்’ அமைவதை யாம் விழைகின்றோம். எம் மகளின் அப்பல் வேர்க்குழல் மருத்துவத்தாற் காக்கப்பட்டு இன்றும் நிற்கின்றது. உரிய காலத்தில் அதன் பெயரை அறிந்திருப்பின் சிறு அடைப்போடு முடிந்திருக்கும்.