தூண்டில் பை கரையாவிட்டால்?

இங்கிலாந்து ஏரிகளில் கெண்டை பிடிப்பவர்கள் அதைக் குழம்பு வைப்பது அபூர்வம். எடை பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். அங்கே கடைகளில் கிடைக்கிற ‘பி.வி.ஏ.’ பைகள் இவர்களுக்கானவை. இரைத்தூள், ஈயக்குண்டு, முள் எல்லாவற்றையும் பையில் அடைத்து வீசினால், அடியில் போய்ப் படிந்தபின் பை கரைந்து, முள்ளைச் சுற்றி இரை குவிந்து கிடக்கும்.

பி.வி.ஏ., அதாவது பாலிவினைல் ஆல்கஹால், செயற்கைப் பொருள். கண்ணுக்குத் தெரியாமல் கரைந்தாலும் அது தண்ணீரில்தான் இருக்கிறது. அதைச் சிதைக்கத் தகுந்த நுண்ணுயிர்கள் வேண்டும். ‘இயற்கைக்குத் தீங்கற்றது’ என்று உறையில் இருந்தால் அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. குளிர்ந்த நீரில் கரைவது தாமதமாகும், உப்பு மிகுந்த இரையும் தடுக்கும். அதனால் வீசுமுன் அந்த ஏரித் தண்ணீரையே ஒரு டப்பாவில் எடுத்து, வெறும் பையைப் போட்டுப் பாருங்கள். கொழகொழவென்று திரண்டு நின்றால் அதை அன்றைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

சரக்கே மோசம் என்றால்? 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். “கம்பெனியிடம் கேளுங்கள்” என்று கடைக்காரர் கைவிரித்தால் ஏற்காதீர்கள், பொறுப்பு விற்றவருடையது. ரசீதோடு, கரையாத பையைப் படம் எடுத்து வைத்திருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். மசியவில்லை என்றால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு இலவசமாக வழி சொல்லும்.

பையைவிடப் பெரிய ஆபத்து அதற்குள் இருக்கும் ஈயம். தூண்டில் நரம்பு அறுந்தால், குண்டு கழன்று விழ வேண்டும்; இல்லாவிட்டால் மீன் அதை இழுத்துக்கொண்டே அலையும். அன்னங்கள் சிறு ஈயக்குண்டுகளை விழுங்கிச் செத்ததால், 0.06 முதல் 28.35 கிராம் வரையான ஈயக்குண்டுகளுக்கு 1987 முதல் தடை உண்டு.

13 வயது நிரம்பிய எவருக்கும் தூண்டில் உரிமம் கட்டாயம் (16 வயது வரை இலவசம்). இல்லாமல் பிடிபட்டால் 2,500 பவுண்டு வரை அபராதம். உரிமம் இருந்தாலும் ஏரி உரிமையாளரின் அனுமதி தனி. விதிகள் ஏரிக்கு ஏரி மாறும். எந்த இரைக்கு, எந்தப் பைக்குத் தடை என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை கெண்டைக்குத் தூண்டிலே போடக் கூடாது.

மீன்கள் கூட்டமாக மேலே வந்து மூச்சுத் திணறினாலோ செத்து மிதந்தாலோ, சுற்றுச்சூழல் முகமையின் 24 மணி நேர எண் 0800 80 70 60. இடம், நேரம், நீரின் நிறம் ஆகியவற்றைச் சொல்லுங்கள்.