தீபாவளிக்கு முன் கைக்கு வேலை, மனதுக்குத் துணை
மலாக்கா மாநில மூத்தோருக்கான எளிய கைவேலைகள்

அக்டோபர் மாதம் பிறந்துவிட்டால் மலாக்காவில் பிற்பகல் இடியும் மழையும் அதிகமாகும். குளிர் நாடுகளில் இது இலை உதிரும் காலம். அங்குள்ள மூத்தோர் மாத இறுதியில் வரும் ஹாலோவீன் நாளுக்காகப் பரங்கிக்காயில் முகம் செதுக்குவார்கள், காகிதத்தில் இலை வெட்டுவார்கள். நமக்கு இது நவராத்திரியும் தீபாவளியும் வரும் காலம். கோலம், தோரணம், அகல்விளக்கு என்று நமக்கும் கைவேலைக்குக் குறைவில்லை.

தோட்டத்தில் வாழ்ந்தபோது லயமே சேர்ந்து தோரணம் கட்டியது. இன்று உங்களில் பலர் அலோர் காஜா, ஜாசின், மெர்லிமாவ் போன்ற ஊர்களில் தாமான் வீட்டிலோ அடுக்குமாடியிலோ இருக்கிறீர்கள். பிள்ளைகள் வேலைக்குப் போனபின் மாலைவரை பேச ஆளில்லை. நீண்ட காலத் தனிமை மனச்சோர்வு, இருதய நோய், பக்கவாதம், மறதி நோய் ஆகியவற்றின் ஆபத்தைக் கூட்டுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. ஆகவே கைவேலையை வெறும் பொழுதுபோக்காக நினைக்க வேண்டாம். விரல்கள் அசைகின்றன, கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்கின்றன, பக்கத்து வீட்டாரையும் பேரப்பிள்ளைகளையும் கூப்பிட ஒரு காரணம் கிடைக்கிறது.

கீழே உள்ள நான்கு வேலைகளையும் நாற்காலியில் அமர்ந்து, மேசை மேல் வைத்தே செய்யலாம்.

1. தட்டில் அரிசிக் கோலம்

தேவை: அரிசி, உணவுச் சாயம், வினிகர், பிளாஸ்டிக் பை, ஓரம் உள்ள பெரிய தட்டு அல்லது கெட்டி அட்டை.

• ஒரு கப் அரிசியைப் பையில் போட்டு, ஒரு தேக்கரண்டி வினிகரும் சில சொட்டுச் சாயமும் சேர்த்துக் குலுக்குங்கள். ஒரு நிறத்துக்கு ஒரு பை.
• பழைய நாளிதழில் பரப்பி நன்றாக உலர விடுங்கள்.
• தட்டில் சுண்ணாம்புக்கட்டியால் கோலம் வரையுங்கள். முதல்முறை என்றால் தாமரை போதும். மயிலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.
• கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அரிசியைக் கிள்ளி எடுத்து நிரப்புங்கள்.

இப்படிக் கிள்ளி எடுக்கும் அசைவுதான் சட்டைப் பொத்தான் போடவும், மருந்து மாத்திரையைப் பிரிக்கவும் தேவைப்படுகிறது. விரல் விறைப்பாக இருந்தால், தொடங்கும் முன் கையை ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் வைத்து எடுங்கள். நீரிழிவால் கை மரத்திருந்தால் நீரின் சூட்டை வேறொருவர் பார்த்துச் சொல்லட்டும்.

தரையில் சிந்திய அரிசி வழுக்கும். உடனே கூட்டிவிடுங்கள். வாசலில் வைத்த கோலத்தை அன்றிரவே எடுத்துவிட்டால் எலி வராது.

2. ஓலைச் சங்கிலித் தோரணம்

குருத்தோலையை மடித்துக் குருவி செய்யத் தெரிந்தவர்கள் அதையே செய்யுங்கள். மங்கல வீட்டுத் தோரணத்துக்கும் துக்க வீட்டுத் தோரணத்துக்கும் மடிப்பு வேறு என்பது உங்களுக்குத் தெரியும், பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல நேரமில்லை. விரல் ஒத்துழைக்காதவர்களுக்கு இந்த எளிய முறை:

• கத்தரிக்கோலால் ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமுள்ள இரண்டு ஓலைகளை எடுங்கள். ஓலை கிடைக்காவிட்டால் மஞ்சள், பச்சைக் காகிதப் பட்டைகள் போதும்.
• இரண்டின் நுனிகளையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கே வைத்து, பசையால் ஒட்டுங்கள் அல்லது ஸ்டேப்ளர் அடியுங்கள்.
• அடியில் உள்ளதை மேலே மடியுங்கள். இப்போது அடியில் இருப்பது மற்றது. அதை மேலே மடியுங்கள். கடைசிவரை இப்படியே மாற்றி மாற்றி மடித்து, நுனியை ஒட்டுங்கள்.
• மெல்ல இழுத்தால் சங்கிலியாக விரியும். நடுநடுவே மாவிலை கட்டிக்கொள்ளுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் ஓலையைக் கையாள மெல்லிய கையுறை அணியுங்கள். ஓலை விளிம்பு கையைக் கீறினாலும் மரத்துப்போன விரலுக்குத் தெரியாது. வேலை முடிந்ததும் இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். காயம் இருந்தால் சோப்பு போட்டுக் கழுவி மூடுங்கள்.

தோரணத்தைக் கட்டும் வேலை உங்களுடையது அல்ல. நாற்காலியிலோ ஏணியிலோ ஏறாதீர்கள். இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பழைய நடை திரும்ப வெகுநாள் ஆகும், சிலருக்குத் திரும்புவதே இல்லை. மாலை மகன் வரும்வரை தோரணம் காத்திருக்கட்டும்.

3. அகல்விளக்குக்கு வண்ணம்

மலாக்கா லிட்டில் இந்தியா கடைகளில் மண் அகல் கிடைக்கும். ஈரத்துணியால் தூசி துடைத்து, காயவிட்டு, வெளிப்புறத்தில் மட்டும் அக்ரிலிக் சாயம் பூசுங்கள். எண்ணெய் படும் உள்பக்கத்தையும் திரி வைக்கும் மூக்கையும் அப்படியே விடுங்கள். தூரிகைக் காம்பு மெல்லியதாக இருந்து பிடிக்க முடியாவிட்டால், துணியோ ஸ்பாஞ்சோ சுற்றி ரப்பர் வளையம் போட்டுத் தடிமனாக்கிக்கொள்ளுங்கள்.

விளக்கு ஏற்றும்போது அடியில் தட்டு வையுங்கள். காய்ந்த ஓலைத் தோரணம், திரைச்சீலை, தொங்கும் சேலைத் தலைப்பு எதுவும் அருகில் வேண்டாம். வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்துபவர் இருந்தால் எண்ணெய் விளக்கே வேண்டாம், பேட்டரி விளக்கு வையுங்கள். எண்ணெய் சிந்திய தரையை உடனே சோப்பு நீரால் துடைக்கச் சொல்லுங்கள்.

4. பூசணிக்கு முகம்

கடைகளில் தொங்கும் ஹாலோவீன் பூசணியைக் காட்டி, "பாட்டி, இது என்ன?" என்று பேரப்பிள்ளை கேட்கலாம். கண் உருட்டி, மீசை முறுக்கி, பல் காட்டும் திருஷ்டிப் பூசணி நம் வாசலிலும் உண்டு என்று சொல்லுங்கள்.

• சிறிய சாம்பல் பூசணியை எடுத்து, மேலுள்ள வெண்பொடியை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் சாயம் ஒட்டாது.
• முகத்தை நீங்கள் வரைய, பேரப்பிள்ளை வண்ணம் தீட்டட்டும். கத்தியால் செதுக்க வேண்டியதில்லை.
• பூசணி கிடைக்காவிட்டால் காகிதத்தட்டில் வரைந்து மாட்டலாம்.

பூசணி கனமானது. தலைக்கு மேல் தொங்கவிடாமல் வாசல் மேடையில் வையுங்கள். உடைப்பதாக இருந்தால் சாலையில் வேண்டாம், மோட்டார் சைக்கிளில் வருபவர் சறுக்கி விழுவார். அழுகினால் குப்பையில் போடுங்கள்.

கவனத்தில் வையுங்கள்

• உட்கார்ந்து செய்யும் வேலை உடற்பயிற்சி ஆகாது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து வீட்டுக்குள் நடங்கள். 65 வயதுக்கு மேற்பட்டோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. முடியாதவர்கள் தங்களால் இயன்ற அளவு செய்யலாம்.
• வேலை மும்முரத்தில் சாப்பாட்டையும் மருந்தையும் தள்ளிப்போடாதீர்கள். நீரிழிவு மருந்து எடுப்பவருக்கு வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கலாம். மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மீண்டும் குடித்து, உதவி கேளுங்கள். மயங்கிவிட்டவருக்கு வாயில் எதுவும் ஊற்றக்கூடாது. 999-ஐ அழையுங்கள்.
• பூ மிதக்கும் உருளியின் நீரைத் தினமும் மாற்றுங்கள். பெயிண்ட் டப்பாவிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் வீட்டைச் சுற்றிப் பாருங்கள்.

கை சொல்லும் செய்தி

நீண்ட காலம் பால் வெட்டிய கை, கத்தி பிடித்த கை. அதில் வலியும் விறைப்பும் வந்தால் "வயசாகிவிட்டது" என்று பொறுத்துக்கொள்கிறோம். எல்லாமே வயதால் வருவது அல்ல. கைவேலை செய்யும்போது இவற்றைக் கண்டால் கிளினிக்கில் சொல்லுங்கள்:

• ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை, விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிகிறது. கண்ணில் புரை இருக்கலாம். அதை அறுவைச் சிகிச்சையால் சரிசெய்யலாம்.
• இரவில் விரல் மரத்து, உதறினால் குறைகிறது. மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்பட்டிருக்கலாம்.
• சும்மா மடியில் வைத்திருக்கும்போதே கை நடுங்குகிறது.
• ஆண்டுதோறும் போட்ட கோலத்தின் புள்ளிக் கணக்கு இப்போது பிடிபடவில்லை, அடுத்து என்ன செய்வது என்று அடிக்கடி குழம்புகிறது. இதை மறைக்காதீர்கள். மறதிக்குக் காரணம் தைராய்டோ, வைட்டமின் குறைவோ, மனச்சோர்வோ என்றால் சிகிச்சை உண்டு. மறதி நோயாகவே இருந்தாலும், முன்கூட்டியே தெரிந்தால் குடும்பம் தயாராக முடியும்.

ஒரு கை திடீரெனப் பலமிழந்தால், வாய் கோணினால், பேச்சு குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். படுத்து ஓய்வெடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்காமல் உடனே 999-ஐ அழையுங்கள்.

எங்கே போய்ச் சேரலாம்?

பல அரசாங்கச் சுகாதார கிளினிக்குகளில் மூத்தோருக்கான 'கெலாப் வார்கா எமாஸ்' இயங்குகிறது. சமூக நலத்துறையின் கீழ் 'பாவே' எனப்படும் மூத்தோர் நடவடிக்கை மையங்களும் உண்டு. 60 வயது நிறைந்தவர்கள் சேரலாம். அடுத்தமுறை மருந்து வாங்கப் போகும்போது, உங்கள் வட்டாரத்தில் எந்த நாளில் கூடுகிறார்கள் என்று முகப்பில் கேளுங்கள். மலாய், சீன நண்பர்களும் அங்கே வருவார்கள். அவர்களுக்கு நீங்கள் தோரணம் கற்றுக்கொடுங்கள், அவர்களிடம் கெத்துப்பாட் பின்னக் கற்றுக்கொள்ளுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், பழைய தோட்டத்துத் தோழி ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.