வாலடியில் இரண்டு மாவுப் பானைகள்

"எழுதவே கூச்சமாக இருக்கிறது" என்றுதான் அந்தக் கடிதம் தொடங்கியது. கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். முதல் பக்கம் முழுக்க வெயில், மகனின் வேலை, பூனைக்குப் பெயர் வைத்த கதை. இரண்டாம் பக்கத்தின் நடுவில்தான் விஷயத்துக்கு வந்தார். ஒன்பது வயதுப் பூனை. ஒரு மாதமாகப் பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே நகர்கிறது. அது உட்கார்ந்து எழுந்த இடத்தில் மீன் மார்க்கெட் வாடை. பக்கத்து வீட்டில் பூச்சி மருந்து கொடுக்கச் சொல்கிறார்களாம். சொந்த வீட்டிலோ பூனையையே எங்காவது கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறார்களாம். "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று முடித்திருந்தார்.

அம்மா, உங்கள் கூச்சம் எனக்குப் புரிகிறது. அதே கூச்சத்தால் என் வீட்டுப் பூனையை நான் மூன்று நாள் வதைத்திருக்கிறேன். அந்தக் கதை பின்னால் வருகிறது. முதலில் வாலுக்கடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

பூனையின் மலவாயை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணி முள்ளும் எட்டு மணி முள்ளும் காட்டும் இடங்களில், தோலுக்கு உள்ளே, பட்டாணி அளவில் இரண்டு பைகள் இருக்கின்றன. குதப்பைகள் என்று பெயர். பையின் சுவரில் உள்ள சுரப்பிகள் கொழுப்பு கலந்த ஒரு திரவத்தைச் சுரந்து பையை நிரப்புகின்றன. ஒவ்வொரு பைக்கும் ஊசி குத்தியது போல ஒரு சின்ன வாய். நாய்க்கும் இதே ஏற்பாடுதான். நாயிடம் அந்த வாய் மலவாயின் விளிம்பிலேயே இருக்கும். பூனையிடம் ஓரிரண்டு மில்லிமீட்டர் தள்ளி வெளித்தோலில் இருக்கும். பைகள் இரண்டு தசை வளையங்களுக்கு நடுவே சொருகப்பட்டிருப்பதால், கெட்டியான மலம் வெளியேறும்போதெல்லாம் அவை அழுத்தப்பட்டு ஒரு துளி கசிகிறது. மலத்தோடு கையெழுத்தும் போட்டாயிற்று.

பயந்தாலும் அந்தத் துளி வரும். ஒருமுறை எங்கள் சுந்தரியைக் கூடையில் வைத்து ஆட்டோவில் கொண்டுபோனேன். பின்னால் வந்த தண்ணீர் லாரி ஹாரன் அடித்ததும் கூடைக்குள் ஒரு துள்ளல். அடுத்த நொடி ஆட்டோ முழுக்க வாடை. ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "சார், கூடையில கருவாடா?" என்றார். பூனை என்று சொன்னதும், "பூனை தின்னுது சார், அது தெரியும். பூனையே கருவாடா?" என்றார். இறங்கும் வரை பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை அவர் படித்தால் பதில் இதுதான்: அது பூனையும் இல்லை, கருவாடும் இல்லை, பாக்டீரியா.

இந்த விஷயத்தில் என்னை மயக்கியது இந்த இடம்தான். பூனை தன் அடையாள வாசனையைத் தானே தயாரிக்கிறது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். பூனை கொடுப்பது மாவு மட்டும். புளிக்கவைப்பது உள்ளே குடியிருக்கும் நுண்ணுயிர்கள். பை மூடியிருக்கிறது, கதகதப்பாக இருக்கிறது, காற்று குறைவு, கொழுப்பும் புரதமும் தாராளம். இட்லி மாவுப் பானைக்கு வேறென்ன வேண்டும்? என் அம்மாவும் பெரியம்மாவும் ஒரே கடை அரிசி, ஒரே உளுந்து, ஒரே அளவு உப்பு போட்டுத்தான் அரைப்பார்கள். ஆனாலும் கண்ணைக் கட்டிவிட்டு ஒரு வாய் கொடுத்தால் இது யார் வீட்டு இட்லி என்று சொல்லிவிடுவேன். கை வாகு என்பார்கள். மாவைக் கலக்கிய கையிலும் உளுந்திலும் பானையிலும் ஒட்டியிருந்த உயிர்களின் கூட்டு அது. பூனைகளும் ஒன்றையொன்று அப்படித்தான் அறிகின்றன. இரண்டு பூனைகள் மூக்கு உரசிய பிறகு பின்பக்கம் போய் முகர்வது இந்தப் பானையைத் திறந்து பார்ப்பதற்குத்தான்.

இதை முதலில் தெளிவாகக் காட்டியவர்களில் ஒருவர் மார்ட்டின் கார்மன் என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளர். 1970-களில் அவர் எடுத்துக்கொண்டது நம் ஊர் வேலியோரம் ஓடும் கீரியின் உறவான சின்னக் கீரியை. அதன் குதப்பையில் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஆறு அமிலங்கள் இருந்தன. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலமும், கெட்டுப்போன வெண்ணெயில் நாறும் பியூட்டிரிக் அமிலமும் அவற்றில் அடக்கம். எல்லாக் கீரியிடமும் இதே ஆறுதான். ஆனால் எது எவ்வளவு என்ற விகிதம் கீரிக்குக் கீரி மாறியது. அந்த வித்தியாசத்தைக் கீரிகளால் முகர்ந்து பிரித்தறிய முடிந்தது. வீட்டுப் பூனையின் முறை வர நெடுநாள் ஆயிற்று. கலிபோர்னியாவின் டேவிஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் ஒரு வங்காள இனப் பூனையின் குதப்பைத் திரவத்தை ஆராய்ந்து 2019-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆவியாகி மூக்கை எட்டும் சேர்மங்கள் அதில் நூற்றுக்கும் மேல் இருந்தன. அதே பையிலிருந்து பாக்டீரியாக்களை எடுத்துத் தனியே வளர்த்தபோது, அவற்றில் பலவற்றை அவை பூனையில்லாமலேயே தயாரித்தன. அதாவது பூனையின் விசிட்டிங் கார்டை அச்சடிப்பது வாடகைக்குக் குடியிருப்பவர்கள்.

"நாற்றம்" என்ற சொல்லைப் பழந்தமிழில் பூவுக்கும் சொன்னார்கள். பிறகுதான் அது சாக்கடைக்கு இறங்கியது. விலங்கின் வாலடியில் பிறக்கும் வாசனையை நாம் எப்போதும் வெறுத்ததில்லை என்பதற்குப் புனுகே சாட்சி. திருவொற்றியூரில் ஆதிபுரீஸ்வரருக்கு ஆண்டு முழுக்கக் கவசம். கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி மூன்று நாள் மட்டும் கவசம் நீக்கிப் புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துகிறார்கள். புனுகு வருவது குதப்பையிலிருந்து இல்லை, அதற்குப் பக்கத்தில் இருக்கும் வேறொரு சுரப்பியிலிருந்து. புனுகுப் பூனையும் பூனைக் குடும்பத்தைச் சேர்ந்ததில்லை. ஆனால் அதையும் பச்சையாக முகர்ந்தவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். நன்றாக நீர்த்துப்போனால்தான் அது மணம். அதன் மூலப்பொருளான சிவெட்டோனின் அமைப்பை 1926-இல் கண்டறிந்த லியோபோல்ட் ருசிக்காவுக்கு 1939-இல் நோபல் பரிசே கிடைத்தது. கோயிலில் கைகூப்பி வாங்கிக்கொள்வதன் பங்காளிக்குத்தான் சோபாவில் மூக்கைப் பொத்துகிறோம்.

சரி, மாவு எப்போது கெடுகிறது?

பழைய தபால் ஆபீஸ் கோந்துப் புட்டி நினைவிருக்கிறதா? தினமும் தேய்த்துக்கொண்டிருந்தால் கோந்து வரும். நான்கு நாள் விடுமுறை விட்டால் வாயில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். குதப்பையும் அப்படித்தான். மலம் கெட்டியாக வெளியேறினால்தான் பை பிழியப்படும். தொடர்ந்து இளகிப் போனால் அழுத்தம் கிடைக்காது. திரவம் தங்கி, தடித்து, பற்பசை போலாகி, வாய் அடைபடும். உடல் பெருத்த பூனை, வயதான பூனை, உணவு ஒவ்வாமையோ குடல் தொல்லையோ உள்ள பூனை ஆகியவை இதில் எளிதில் மாட்டும். அடைத்த பையில் கிருமி பெருகினால் சீழ் கட்டும். பிறகு தோலை உடைத்துக்கொண்டு பக்கவாட்டில் வெளியேறும்.

இங்கே நம் வீடுகளின் பால் சோற்றைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. பூனை என்றால் பால் என்று ஒன்றாம் வகுப்புப் படத்திலேயே பழகிவிட்டோம். தாய்ப்பால் மறந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குறைந்துவிடுகிறது. அது ஆசையாகக் குடிக்கும், மறுநாள் கழியும். பூனை முழு மாமிசப் பிராணி. அதற்கு வேண்டியது இறைச்சி சார்ந்த உணவும் தண்ணீரும்தான். நாம் அன்பு என்று ஊற்றுகிற பால், பின்வாசலில் தொல்லையாக வந்து நிற்கிறது.

அடையாளங்களைச் சொல்கிறேன். தரையில் தேய்ப்பது. வாலடியை ஓயாமல் நக்குவது, அதனால் அங்கே முடி கொட்டுவது. உட்கார்ந்த வேகத்தில் திடுக்கென்று எழுந்து பின்னால் திரும்பிப் பார்ப்பது. வழக்கமான மணல் தொட்டியை விட்டுவிட்டு வேறிடத்தில் போவது. ஒரு பக்கம் மட்டும் வீங்கிச் சிவப்பது. தேய்ப்பதற்கு நாடாப்புழுவும் காரணமாகலாம். அப்படியானால் வாலடி முடியில் அரிசிமணி போல வெள்ளைத் துண்டுகள் ஒட்டியிருக்கும். ஆக, அம்மா, பக்கத்து வீட்டார் சொன்னது முழுத் தவறில்லை. ஆனால் பூச்சி மருந்து மீன் வாடைக்கு மருந்தாகாது.

இப்போது என் கதை. சுந்தரி ஒருநாள் சாப்பிடாமல் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டாள். வாலோரம் ஈரமாக இருந்தது. தெருக் கடுவன் கடித்துவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதினேன். தள்ளி நின்றபடியே மஞ்சளைக் குழைத்து அப்பினேன். அதையும் அவள் நக்கித் தீர்த்தாள். மூன்றாம் நாள் ரத்தமும் சீழுமாக ஓட்டை. மருத்துவர் கையுறை போட்டுக்கொண்டு ஒரு நிமிடம்தான் பார்த்தார். "இது கடி இல்ல சார். உள்ள பை அடைச்சு, சீழ் கட்டி உடைஞ்சிருக்கு. வாலைத் தூக்கிப் பாத்தீங்களா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருட்டு என்று பூனை நினைப்பதாகப் பழமொழி சொல்கிறது. என் வீட்டில் கண்ணை மூடியது நான்.

சிகிச்சை சிக்கலானதில்லை. அடைப்பு மட்டும் என்றால் மருத்துவர் பையைப் பிழிந்துவிடுவார். பூனைக்கு அந்த இடம் மிகக் குறுகல் என்பதால் பல நேரம் மயக்கம் கொடுத்துத்தான் செய்ய வேண்டியிருக்கும். சீழ் கட்டியிருந்தால் கீறி, கழுவி, நுண்ணுயிர்க்கொல்லியும் வலி மருந்தும் தருவார். மீதி வேலை வீட்டில். மருத்துவர் சொன்னால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஐந்து நிமிடம் ஒற்றடம். நக்காமலிருக்கக் கழுத்தில் புனல் போன்ற பட்டை. காயம் ஆறும்வரை மணலுக்குப் பதில் கிழித்த செய்தித்தாள், ஏனென்றால் மணல் காயத்தில் ஒட்டும். வெளியே விடக்கூடாது. நம் ஊர் ஈ திறந்த புண்ணில் முட்டையிட்டால் ஒரு நாளில் புழு நெளியும். மாத்திரையை வாயில் போட்டதும் ஊசியில்லாத சிரிஞ்சால் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். சில மாத்திரைகள் உணவுக் குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடும். புண் ஆறிவிட்டதே என்று மருந்தை நடுவில் நிறுத்தாதீர்கள். திரும்பத் திரும்ப வந்தால் பையையே அறுவை செய்து எடுப்பார்கள். பக்கத்தில் மலத்தை அடக்கும் நரம்புகள் இருப்பதால் அது கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை. வயதான பூனைக்குக் கெட்டியான கட்டி தட்டுப்பட்டால் புற்றுநோயா என்றும் சோதிப்பார்கள். அது அரிது, ஆனாலும் இல்லாதது இல்லை.

செய்யக்கூடாதவை மூன்று. ஒன்று, வீடியோ பார்த்துவிட்டு நீங்களே பிழியாதீர்கள். வீங்கிய பை உள்ளுக்குள்ளேயே உடையலாம். ஒழுங்காக இருக்கும் பையை மாதாமாதம் பிழிவதும் வீண் தொல்லை. இரண்டு, வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் வசதி பூனையின் கல்லீரலில் இல்லை. நமக்குத் தலைவலிக்குப் போடும் ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை நான்கு கிலோ பூனையைக் கொல்லப் போதும். ரத்தம் பழுப்பாகி, மூச்சு முட்டிச் சாகும். மூன்று, பீனால் வகைக் கிருமிநாசினி எதையும் தடவாதீர்கள். தரை துடைக்கும் வாசனை வாளியைப் பூனையின் பக்கத்தில்கூட வைக்காதீர்கள். பூனைக்குத் தடவியதெல்லாம் கடைசியில் அதன் வயிற்றுக்குள்தான் போகும்.

இதெல்லாம் தெரியாததால் பூனைகள் அவதிப்படுகின்றன என்று நான் நம்பவில்லை. தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். தடுப்பது அருவருப்பு. நாய்க்கு நொண்டினால் ஓடுகிறோம். பூனைக்கு வாலடியில் புண் என்றால், "அதுவே நக்கிச் சரி பண்ணிக்கும்" என்கிறோம். வலியை மறைப்பது பூனையின் பிறவிக் குணம். அந்தக் குணத்தை நம் சோம்பலுக்குச் சாக்காக வைத்திருக்கிறோம். அரசு கால்நடை மருந்தகம் மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான் என்று எண்ணி வாசலைத் தாண்டிப் போகிறவர்களும் உண்டு. அங்கே பூனைக்கும் வைத்தியம் உண்டு.

அம்மா, உங்களுக்கு என் பதில்: நாளைக் காலையே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மீன் வாடை வந்து ஒரு மாதம் என்றால் ஏற்கெனவே தாமதம். பூனையை எங்கும் விட வேண்டாம், பாலை மட்டும் விட்டுவிடுங்கள். குணமான பிறகு வாரத்துக்கு ஒருமுறை வாலைத் தூக்கிப் பாருங்கள். நான் ஞாயிறு காலை டிகாக்‌ஷன் இறங்கும் நேரத்தில் பார்க்கிறேன். டிகாக்‌ஷன் பாதி இறங்குவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. சுந்தரிக்கு இப்போது பதின்மூன்று வயது, இரண்டு பைகளும் சுகம்.

அடுத்த முறை கடிதம் எழுதும்போது விஷயத்தை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.