இருநிறக் கல்லில் எழுந்த முகங்கள்

பழைய ஐரோப்பியச் சீமாட்டிகளின் உருவப்படங்களை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். கழுத்தருகே நீள்வட்டப் பதக்கம் ஒன்று துலங்கும். கரிய அல்லது செம்பழுப்பு நிறப் பின்னணியில், பக்கவாட்டாய் நோக்கும் நங்கை ஒருத்தியின் வெண்முகம் அதில் எழுந்து நிற்கும். அவ்வெண்மை வர்ணம் பூசியதால் வந்ததன்று. வேறொரு கல்லைச் செதுக்கி ஒட்டியதாலும் வந்ததன்று. முகமும் பின்னணியும் ஒரே துண்டு. அப்படியாயின் இருநிறம் எங்ஙனம் வந்தது?

இவ்வணிக்குக் ‘கமியோ’ என்று பெயர். மணிக்கல்லிற் செதுக்கும் வேலை இருவகைப்படும். உருவத்தை உள்ளே குழித்துச் செதுக்குவது ஒருவகை. முத்திரை மோதிரங்கள் இவ்வினத்தன. மெழுகில் அழுத்தினால் உருவம் மேலெழுந்து பதியும். உருவத்தை நிற்கவிட்டுச் சுற்றுப்புறத்தை நீக்கிவிடுவது மற்றவகை. அதுவே கமியோ. முத்திரை வேலை மிகத் தொன்மையானது. கமியோவோ, மகா அலெக்சாந்தருக்குப் பின் வந்த கிரேக்க மன்னர்களின் அவைகளிலே வளர்ந்து, உரோமப் பேரரசர் காலத்தில் உச்சநிலை எய்தியது.

கல்லும் அது வந்த வழியும்

பாறைப் பொந்துகளினுள் சிலிக்கா கலந்த நீர் புகுந்து, நெடுங்காலம் படைமேற் படையாகப் படிவதால் அகேட் என்னும் கல் உண்டாகின்றது. ஒவ்வொரு படையும் வெவ்வேறு நிறங் கொள்ளும். வெண்படையும் கரும்படையும் நேராக அடுக்கியிருப்பின் அதனை ஒனிக்ஸ் என்பர். கருமைக்குப் பதிலாகச் செம்பழுப்பு அமைந்தால் சார்டோனிக்ஸ் என்பர். இருநிறத்தின் இரகசியம் இதுவே. மேலுள்ள வெண்படையில் முகத்தைச் செதுக்கி, எஞ்சிய வெண்மையை அகற்றிவிட்டால், கீழ்ப்படை தானே பின்னணியாகின்றது.

மேனாட்டார் விரும்பிய இக்கற்களுள் ஒரு பகுதி பாரத நாட்டிலிருந்தே சென்றது. கி.பி. முதலாம் நூற்றாண்டிலே கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்திரேயக் கடற் பெரிப்ளுஸ்’ என்னும் கடல்வழி நூல், உஜ்ஜயினியிலிருந்தும் பைத்தானிலிருந்தும் ஒனிக்ஸ் கற்கள் பரூச் துறைமுகத்துக்கு வந்தன என்று கூறுகின்றது.

இரும்புக்கு அடங்காத கல்

கடினத்தை அளக்கும் மோஸ் அளவையிலே அகேட் ஏறத்தாழ 7 என்னும் நிலையில் உள்ளது. உருக்கு உளிக்கு அது இணங்காது. ஆகவே கல்லைக் குடைந்தது உளியன்று, பொடியே. குருந்தம் கலந்த பொடியை எண்ணெயிற் குழைத்துத் தடவி, சிறிய உலோக முனைகளையும் சக்கரங்களையும் அதன்மீது சுழற்றித் தேய்த்தனர். தச்சர் வில்லின் கயிற்றால் துறப்பணத்தைச் சுழற்றுவது போன்றதே இம்முறை. குருந்தத்தின் கடினம் 9. நமது இரத்தினபுரி நீலமும் மாணிக்கமும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. ‘கொரண்டம்’ என்னும் ஆங்கிலப் பெயரும் ‘குருந்தம்’ என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்ததென்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ளலாம்.

இத்தொழிலுக்குப் பொறுமை மட்டும் போதாது. படை எங்கே தடிக்கின்றது, எங்கே மெலிகின்றது என்று கல்லின் உள்ளமைப்பை முன்னரே அறிதல் வேண்டும். வெண்படையைத் தடிப்பாக விட்டால் பாலின் வெண்மை தோன்றும். மெல்லிதாகத் தேய்த்தால் அடியிலுள்ள கருமை ஊடுருவி நீலச்சாயல் தரும். அதற்கு மேலும் ஒரு பழுப்புப் படை இருப்பின், அதனைக் கூந்தலாகவோ மேலாடையாகவோ அமைத்துக்கொள்வர். மண்ணில் உருவம் வனைபவன் பிழையைத் திருத்தலாம். ஓவியன் மீண்டும் பூசலாம். கமியோச் சிற்பிக்கு அந்த வசதி இல்லை. கன்னத்திலே மயிரிழை ஆழம் மிகுந்துவிட்டால் கருநிழல் எட்டிப்பார்க்கும். போன வெண்மை மீளாது. அதுவரை உழைத்த உழைப்பும் பாழாகும்.

இரு பெருங் கமியோக்கள்

ஒஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவிலுள்ள கலை நூதனசாலையில் ‘ஜெம்மா அகஸ்தேயா’ என்னும் கமியோ இருக்கின்றது. அதன் உயரம் 19 சென்ரிமீற்றர், அகலம் 23 சென்ரிமீற்றர். மேற்பாதியில் அகஸ்தஸ் பேரரசர் ரோமாதேவியுடன் வீற்றிருக்கின்றார். கீழ்ப்பாதியில் போர்வீரர் வெற்றிச் சின்னத்தை நாட்டுகின்றனர். அருகே சிறைப்பட்டோர் துயருற்றிருக்கின்றனர்.

இதனினும் பெரியது பரிஸ் தேசிய நூல்நிலையத்திலுள்ள ‘பிரான்சின் பெருங் கமியோ’. ஐந்து படைகளையுடைய சார்டோனிக்ஸ் கல்லில், 31 சென்ரிமீற்றர் உயரத்தில், 24 உருவங்கள் அமைந்துள்ளன. பண்டைக் கமியோக்களில் எஞ்சியவற்றுள் இதுவே மிகப் பெரியது. மத்திய காலத்தில் இது பரிஸ் தேவாலயம் ஒன்றின் திரவியமாக இருந்தது. எகிப்து மன்னன் அவையில் யோசேப்பு பெற்ற சிறப்பைக் காட்டுவதென்று அக்காலத்தவர் நம்பினர். இஃது உரோமப் பேரரசர் குடும்பத்தைக் காட்டுவதென 1620ஆம் ஆண்டில் பெயிரெஸ்க் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்டறிந்தார். 1804இல் திருடப்பட்ட இக்கல் ஆம்ஸ்ரர்டாம் நகரில் மீட்கப்பட்டது. அதனைச் சூழ்ந்திருந்த பொற்சட்டம் மட்டும் திரும்பவில்லை.

சங்கிற் செதுக்கியவை

அரசர்க்கே உரியதாயிருந்த கமியோவை நடுத்தரக் குடும்பத்துப் பெண்களும் அணியச் செய்தது கடற்சங்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இத்தாலியில், விசூவியஸ் எரிமலையின் அடிவாரத்திலுள்ள தொரே தெல் கிரேக்கோ என்னும் ஊர் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. பவள வேலையில் முன்பே தேர்ந்த ஊர் அது. 1878இல் இத்தொழில்களைக் கற்பிக்க அங்கு ஒரு பள்ளியும் நிறுவப்பட்டது. கரிபியன் கடலிலும் கிழக்காபிரிக்கக் கரையிலும் கிடைக்கும், தலைச்சீரா வடிவான பெருஞ் சங்குகளை அவர்கள் பயன்படுத்தினர். அவற்றின் மேற்படை வெண்மை. உட்படை பழுப்பு அல்லது செம்மஞ்சள். சங்கு கல்லினும் மிக மென்மையானது. ஆதலின் வெட்டிய துண்டைக் கோல்முனையில் மெழுகினால் ஒட்டி, ஒரு கையிற் பிடித்து, மறுகையிற் கூரிய சிற்றுளி கொண்டே செதுக்கலாம்.

பழைய கமியோ ஒன்று கைக்குக் கிட்டினால் அதனை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சங்காயின் ஒளி ஊடுருவும். பின்புறம் சற்றுக் குழிந்திருப்பதும் உண்டு. கல்லாயின் கனமும் குளிர்ச்சியும் தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால் கைவேலையிற் கருவி சென்ற தடம் புலனாகும். அச்சில் வார்த்த கண்ணாடியிலும் பிளாஸ்ரிக்கிலும் விளிம்புகள் மழுங்கியிருக்கும்.

பரிஸ் கமியோவிலுள்ள உருவங்களுட் சில யாருடையவை என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். அதனைச் செதுக்கியவனோ தன் பெயரை அக்கல்லிற் பொறிக்கவில்லை. ஆயினும், இருபது நூற்றாண்டுகள் சென்ற பின்னரும், எவ்விடத்திற் கையை நிறுத்தவேண்டுமென்று அவன் அறிந்திருந்தான் என்பதை அவ்வெண்படையின் ஒவ்வொரு மடிப்பிலும் நாம் காண்கின்றோம்.