குறி சுடப் பழகுவோருக்கு

என் மூத்த மகள் என்.ஸி.ஸி. மாணவி. சென்ற ஆண்டு முதன்முறையாகத் துப்பாக்கி சுடும் பயிற்சிக்குச் சென்று வந்த அன்றிரவு அவள் உணவு கொள்ளவில்லை. வெடிச் சத்தத்தில் கை நடுங்கிக் கண்ணை மூடிக்கொண்டாளாம், உடனிருந்தோர் நகைத்தனராம். "அப்பா, இனி நான் அதைத் தொடமாட்டேன்" என்றாள். "நல்லதாயிற்று, பெண் குழந்தைக்குத் துப்பாக்கி எதற்கு?" என்றாள் என் மனைவி. அவள் துப்பாக்கியை விடுவது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. பிறர் நகைப்புக்கு அஞ்சி ஒன்றை விடுகிறாளே என்பதுதான் மனத்தை உறுத்தியது.

சில வாரங்கள் கழித்து, பத்து மீட்டர் தூரத்தில் காற்றுத் துப்பாக்கி பழக்கும் ஓரிடத்திற்கு அவளை அழைத்துச் சென்றேன். அங்கே நான் கண்டவை மட்டாஞ்சேரியிலுள்ள நம் குடும்பங்களுக்கும் பயன்படும் என்று கருதியே இதனை எழுதுகிறேன்.

பயிற்சியாளர் மலையாளி, வயதில் பெரியவர். "பேடியுண்டோ, மோளே?" என்றுதான் முதலில் கேட்டார். உண்டென்று அவள் தலையசைத்தாள். "நல்லது. பயமில்லாமல் வருபவரிடந்தான் நான் அதிகக் கவனமாயிருப்பேன்" என்றார். அந்த ஒரு சொல்லிலேயே குழந்தையின் முகம் தெளிந்தது.

முதல் நாள் குண்டே கொடுக்கவில்லை. விதிகளைச் சொல்லிக் கொடுத்தார். துப்பாக்கியின் வாய் எப்போதும் குறிப்பலகையின் பக்கமே இருக்க வேண்டும். குறி பார்த்து முடியும் வரை விரல் விசையின்மேல் படலாகாது. உள்ளே குண்டில்லை என்று யார் சொன்னாலும், குண்டு இருப்பதாகவே எண்ணி நடக்க வேண்டும். சுடாத வேளையில், பளிச்சென்ற நிறமுள்ள பாதுகாப்புக் கொடியொன்று குழலில் செருகியிருக்க வேண்டும். கட்டளை பிறந்த பிறகே குண்டிடலாம். "நிறுத்து" என்றால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும். ரயில்வேயில் வேலை பார்க்கும் எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. சிக்னல் கிடைக்காமல் வண்டி நகர்வதுண்டா? ஓட்டுபவர் எவ்வளவு கெட்டிக்காரராயினும் விதி ஒன்றுதானே!

பின்னர், எந்தக் கண்ணால் அவள் குறி பார்ப்பது இயல்பு என்று சோதித்தார். போட்டிக்குரிய காற்று ரைபிள் ஐந்தரைக் கிலோ வரை எடையிருக்கலாம். ஆகவே மேசையில் ஒரு தாங்கி வைத்து, அதன்மேல் துப்பாக்கியைப் படுக்க வைத்தார். மூச்சை மெல்ல வெளிவிட்டு, சற்றே நிறுத்தி, விசையைப் பதறாமல் அழுத்தச் சொன்னார். குண்டில்லாமல் இவ்வாறு அழுத்திப் பழகும் வசதி போட்டித் துப்பாக்கிகளில் உண்டு. காற்றுத் துப்பாக்கியில் வெடிமருந்து இல்லை. சத்தமும் உதைப்பும் மிகச் சிறிது. அஞ்சுவோர் இதிலிருந்து தொடங்குவதே முறை.

இரண்டாம் நாள் கண்ணாடி அணிவித்துப் பெரிய குறியொன்றை வைத்தார். ஒருமுறைக்கு ஒரு குண்டு. ஆக ஐந்தே குண்டுகள். எண்ணிக்கை எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. ஐந்தும் ஒன்றுக்கொன்று அருகில் விழுந்தனவா என்றுதான் பார்த்தார். முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவச் சொன்னார், குண்டுகள் ஈயமல்லவா!

உண்மைப் போட்டியில் பத்து மீட்டருக்கு அப்பாலுள்ள நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர்தான். அதைக் குறிவைத்து எழுபத்தைந்து நிமிஷங்களில் அறுபது முறை சுட வேண்டும். ஆர்ப்பாட்டக்காரருக்கு இது கைகூடுமா? அமைதியும் பொறுமையும் உள்ளவருக்கே கூடும்.

இளவேனில் வாலறிவன் 1999-இல் கடலூரில் பிறந்து, நம் பிள்ளைகளைப் போலவே வெளிமாநிலத்தில், ஆமதாபாத்தில் வளர்ந்தவர். 2019-இல் ரியோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் காற்று ரைபிளில் தங்கம் வென்றார். மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராயிருந்த ஸ்வப்னில் குசாலே 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றார். மனு பாக்கருக்கு 2021-இல் டோக்கியோவில் கைத்துப்பாக்கி பழுதாகி ஏமாற்றமே மிஞ்சியது. அதே மனு பாரிஸில் இரு வெண்கலம் பெற்றுத் திரும்பினார். ஒருநாள் கை தவறியது முடிவாகிவிடாது என்று என் மகளுக்கு இக்கதையைத்தான் சொன்னேன்.

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. காற்றுத் துப்பாக்கிதானே என்று எண்ணி மொட்டைமாடியிலோ சந்திலோ சுட விடாதீர்கள். சிறு ஈயக் குண்டு ஒரு கண்ணைப் பறித்துவிடும். நம் தெருக்களில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருப்பதை மறக்கலாகாது. பறவைகளைக் குறிவைப்பது விளையாட்டன்று; பெரும்பாலான பறவைகளைக் கொல்வது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும். துப்பாக்கி வாங்க நினைப்போர் உரிமம் வேண்டுமா என்பதை முன்னதாகவே அதிகாரிகளிடம் கேட்டறிய வேண்டும். வாங்கினாலோ, துப்பாக்கியை ஒரு பூட்டிலும் குண்டுகளை வேறொரு பூட்டிலும் வைக்க வேண்டும்.

மூன்றாம் நாள் மூன்று குண்டு சுட்டதும் என் மகள் துப்பாக்கியைக் கீழே வைத்து, "இன்று கை நடுங்குகிறது, போதும்" என்றாள். நான் வருந்தினேன். பயிற்சியாளரோ, "இன்று இவள் கற்றதே பெரிய பாடம்" என்று அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார். மறுவாரம் அவளே என்னை அழைத்தாள். துணைக்கு வந்த என் மனைவி, கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து, கைகளைப் பிசைந்தபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு திரும்பும் வழியில் அவள் கேட்டாள்: "பெரியவர்களுக்கும் சொல்லித் தருவார்களா?"

அன்பர்களே, அஞ்சி வரும் குழந்தையை நகையாதீர்கள். அவ்வச்சத்தையே கவனமாக மாற்றத் தெரிந்த ஆசிரியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.